அண்ணி பூனையோடு பேசிய காலம்

நம் வயதில் பழைய கதை ஒன்றைத் தொடங்கினால், வீட்டிலிருக்கும் சின்னதுகள் மெல்ல எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகின்றன. அதனால் உங்களுக்கே சொல்கிறேன். கூரையிலிருந்து தொங்கும் உறியையும், நெல் கொட்டி வைக்கும் மண் குதிர்களையும் உங்களுக்கு நான் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. சிம்னி விளக்கை ஊதி அணைத்ததும் வரும் அந்தப் புகை வாசனைகூட உங்கள் மூக்கில் இன்னும் இருக்கும்.

அது சண்டைக் காலம். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ நடந்த சண்டை, எங்கள் கள்ளிக்குப்பத்துக்கு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடாகத்தான் வந்து சேர்ந்தது. காற்று திரும்பி அடித்தால் ஆவடிப் பக்கம் போகும் பட்டாள லாரிகளின் உறுமல் கேட்கும். மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான். வீட்டுக்கு ஒரே விளக்கு. அதையும் அம்மா திரியை ஒடுக்கி, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த மாடத்தில் வைப்பாள். பொழுது சாய்ந்தால் நாங்கள் எல்லோருமே ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டுதான் நடமாடுவோம். அதனால்தான் அண்ணி விஷயம் அத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போனது என்று இப்போது நினைக்கிறேன்.

அண்ணி பூந்தமல்லியிலிருந்து வந்தவள். ஆவணியில் கல்யாணம். அன்றைக்குச் சின்னப் பிள்ளையான எனக்கு அவள் பெரிய மனுஷி. பின்கொசுவம் வைத்துப் புடவை கட்டி, இடுப்பில் குடம் ஏற்றி நடக்கிறவள் பெரிய மனுஷியாகத்தானே இருக்க வேண்டும்? இப்போது கணக்குப் பார்த்தால் அவளுக்குப் பதினைந்து முடிந்திருந்தால் அதிகம். என் பேத்தி அந்த வயதில் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட அம்மாவைக் கூப்பிட்டாள்.

அண்ணன் பெரம்பூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்பே தூக்குச்சட்டியோடு ஏரிக்கரை மேல் நடந்து அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போவான். திரும்பி வரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். நைனாவுக்குக் கழனி. பகல் முழுக்க வீட்டில் அம்மா, அண்ணி, நான். அதிலும் அண்ணி இருப்பது தெரியாது. மாமியார் வீட்டில் மருமகள் குரல் வெளியே கேட்கக் கூடாது என்று பிறந்த வீட்டில் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். தலையாட்டிப் பதில் சொல்ல முடியாததற்கு என் காதில் முணுமுணுப்பாள். நான் போய் அம்மாவிடம் சொல்வேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், வறட்டி எடுக்கப் போனவள் முந்தானையை மார்போடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு பூனைக்குட்டி. ஓலை போட்டு மூடிய வறட்டிக் குவியலுக்குள் கிடந்ததாம். தாயைக் காணோம். கண் பீளை கட்டி ஒட்டியிருந்தது. நனைந்த பஞ்சுத் திரி போல இருந்தது.

"ஊட்டுக்குள்ள பூனையா? கொண்டுபோயி உட்டுட்டு வா" என்றாள் அம்மா.

அண்ணி நகரவில்லை. அம்மா சொல்லை அவள் கேட்காமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்து நைனா உள்ளே வந்தார். விதை நெல் இருந்த குதிரில் எலி ஓட்டை போட்ட ஆத்திரத்தில் இருந்தார்.

"இருந்துட்டுப் போவட்டும். வளந்தா எலி புடிக்கும்" என்றார்.

அப்படித்தான் அந்தக் குட்டி எங்கள் வீட்டில் உத்தியோகத்தில் சேர்ந்தது. அண்ணி நீர்மோரில் துணி நனைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள். காய்ந்த பிறகு பார்த்தால் உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மட்டும் செம்பட்டை. மூக்கைத் தூக்கிக்கொண்டு, யாரையும் லட்சியம் செய்யாமல் நடந்தது. ரயிலில் முதல் வகுப்பில் போகும் துரைமார் மாதிரியே இருந்ததால் துரை என்று பெயர் வைத்தோம். அது பெண் என்பது அடுத்த வருஷம் குட்டி போட்டபோதுதான் தெரிந்தது. அப்புறமும் துரை துரைதான்.

வந்த புதிதில் துரை அரைப்படிக்குள் அடங்கிவிடும். கார்த்திகையில் படிக்குள் உட்காரப் பார்த்துப் பின்பக்கம் வெளியே பிதுங்கியது. பொங்கல் வந்தபோது மரக்காலும் போதவில்லை. ஆனால் உள்ளே நுழைந்து பார்க்கும் ஆசை மட்டும் குறையவில்லை. வீட்டில் எது திறந்திருந்தாலும் அதற்குள் தலையை விட வேண்டும். ஒரு நாள் சொம்புக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு, பித்தளைத் தலையோடு கூடமெல்லாம் முட்டிக்கொண்டு ஓடியது. அண்ணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மொச்சைக் காயெல்லாம் சிதறியது. அம்மா பார்த்ததும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அம்மா ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது துரை எதிரே உட்கார்ந்திருக்கும். குழவி சுற்றச் சுற்ற அதன் தலையும் சுற்றும். அரிசி புடைக்க முறத்தை எடுத்தால் முறத்தில் ஏறிக்கொள்ளும். தவிட்டோடு சேர்த்து அம்மா அதையும் ஒரு தடவை புடைத்துத் தள்ளினாள். மூக்கில் தவிட்டோடு தும்மித் தும்மி மறுபடி வந்து நின்றது. அடுப்பில் உலைமூடி துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் காலால் தொட்டுப் பார்த்தது. சுட்டுக்கொண்ட காலை நக்கியபடியே மூடியை முறைத்தது. மூடிதான் தப்பு செய்தது போல!

அண்ணி பேச ஆரம்பித்தது துரையிடம்தான்.

முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்களிடம் தலையாட்டுகிறவள், கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பூனையிடம் மூச்சு விடாமல் பேசினாள். பூந்தமல்லியில் அவள் அப்பா ஓட்டும் மாட்டு வண்டி, சாமந்தித் தோட்டம், அவளுக்குப் பின்னால் கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு தங்கைகள், எல்லாம் துரைக்குத்தான் முதலில் தெரியும்.

"தொரே, இன்னிக்கு கொழம்புல உப்பு சாஸ்தியாம். யார் போட்டதுன்னு கேட்டா நீதான்னு சொல்லட்டா? நீ இன்னா, அடியா வாங்கப் போற?"

இது அடுப்படியிலிருந்த அம்மா காதில் விழும். அம்மாவும் சும்மா இருக்க மாட்டாள். பூனையைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்:

"ஏ பூனே, உன் எஜமானியாண்ட சொல்லு. புளியக் கரைக்கறச்சயே கல்லுப்பு போட்டாச்சின்னா, மறுபடி போடக் கூடாது."

"தொரே, அத்தே சொல்றது காதுல விழுந்துச்சா? இனிமே அப்படியே செய்யறோம்னு சொல்லிடு."

ஜாடைப் பேச்சு நம் வீடுகளில் புதிதில்லை. சண்டை போடத்தான் அது உதவும். எங்கள் வீட்டில் அது வேறு மாதிரி நடந்தது. மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசாமலே, நடுவில் ஒரு பூனையை உட்கார வைத்து, பருப்பு எவ்வளவு போடுவது, பால் உறை ஊற்றியாயிற்றா என்று குடித்தனம் நடத்தினார்கள். துரை இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்கும்.

மார்கழி வாக்கில் அம்மாவுக்கு அண்ணி மேல் ஒரு குறை வந்தது. பகலில் பம்பரமாகச் சுற்றுகிற பெண், வெளிச்சம் மங்கினால் கூடத்து மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். கொல்லைக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் எழுந்திருப்பதில்லை. கட்டாயப்படுத்தி அனுப்பினால் குடம் உடைகிறது. வாசற்படியில் தடுக்கி விழுகிறாள். ஒரு நாள் நைனாவுக்குச் சாதம் போடுகிறேன் என்று தட்டுக்கு வெளியே தரையில் போட்டாள். நைனா அதைத் தானே அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டார். அம்மாதான் முணுமுணுத்தாள்.

"பகல்ல நல்லாத்தான கீறா? பொழுது சாஞ்சா மட்டும் இன்னா வந்துடுது? வேல செய்ய வலிக்குது, அவ்ளோதான்."

எதிர்வீட்டு அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டே அதற்கு இன்னொரு திரி கொளுத்தினாள். "சாயங்கால வேளையில மூலையில குந்திகினு பூனையாண்ட பேசறா. எனக்கு இன்னமோ காத்து கருப்புன்னு தோணுது. பெத்தவங்க ஊட்டுல கொஞ்ச நாள் உட்டு வையேன்."

அந்தச் சமயத்தில்தான் மணி விஷயம் நடந்தது. அண்ணி தன் கொலுசிலிருந்து இரண்டு முத்துகளைப் பிய்த்து, நூலில் கோத்துத் துரையின் கழுத்தில் கட்டிவிட்டாள். துரை நடந்தால் கிணுகிணு என்று சத்தம் வரும். எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தாய் வீட்டுச் சீதனக் கொலுசைப் பிய்ப்பதா? அதுவும் எலி பிடிக்க வைத்திருக்கும் பூனைக்கு மணியா? சத்தம் கேட்டால் எந்த எலி வந்து மாட்டும்?

"உன் எஜமானிக்கு விளையாட இதான் கெடச்சிதா?" என்று பூனையைக் கேட்டுக்கொண்டே நூலை அறுத்தாள். முத்துகளை அஞ்சறைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

அண்ணி வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். துரையிடம்கூட அன்று முழுக்கப் பேசவில்லை.

மறுநாள் காலை, பூந்தமல்லிச் சந்தைக்குப் போகும் வண்டிக்காரரிடம் அம்மா சொல்லி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியை வரச் சொல்ல வேண்டும். பெண்ணைக் கொஞ்ச நாள் அழைத்துக்கொண்டு போகட்டும். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அம்மா சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் போன பெண்கள் சிலர் திரும்பி வராமலே போனதை நாம் பார்த்திருக்கிறோம். அண்ணி அடுப்படிக் கதவின் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குள் வந்த ஒரு சாயங்காலம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

அம்மா மாடத்து விளக்குக்குத் திரி திருத்திக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில். அண்ணி கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக் கஞ்சி வடிக்கத் தூக்கி வந்தாள். அடுப்படி வாசற்படியில் துரை நீட்டிப் படுத்திருந்தது. வெள்ளைப் பூனை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அண்ணி நேராக அதன் மேல் காலை வைத்தாள்.

துரை போட்ட கத்தல்! பானை விழுந்து உருண்டது. கஞ்சி அண்ணியின் பாதத்தில் கொட்டியது. சோறெல்லாம் தரையில். துரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடிவிட்டது.

"கண்ணு இன்னா முதுகுலயா கீது?" என்று அம்மா கத்தினாள்.

அண்ணி பாதத்தைப் பார்க்கவில்லை. சிந்திய சோற்றையும் பார்க்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே கொல்லைக்கு ஓடினாள். அம்மா திட்டிக்கொண்டே அவள் பின்னால் போனாள். நானும் போனேன்.

அப்போது இன்னும் முழுக்க இருட்டவில்லை. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வைக்கோல் போர், துவைக்கிற கல், முருங்கை மரம் எல்லாம் தெரிந்தன. துவைக்கிற கல்லின் மேல் துரை உட்கார்ந்து மிதிபட்ட காலை நக்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதற்கு எதிரே மண்ணில் முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். கை எட்டினால் தொடுகிற தூரம்தான்.

"தொரே, எங்க கீற? கொரல் குடுடா. அடி ரொம்ப பட்டுச்சா? உன் கழுத்து மணி இருந்தா மிதிச்சிருப்பேனா? ஒரு வாட்டி கத்துடா கண்ணு. நீ எங்க கீறேன்னே தெரியல எனக்கு."

துரை சத்தம் போடாமல் அவளையே பார்த்தது. அண்ணியின் விரல்கள் கல்லின் அடியைத் தொட்டுவிட்டு வேறு பக்கம் போயின.

திட்டிக்கொண்டே வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். என் தோளில் வைத்த அவள் கை கனத்தது. அப்புறம், மெதுவாக, கல்லின் மேலிருந்த பூனையைப் பார்த்துச் சொன்னாள்:

"தொரே, எத்தினி நாளா இப்படி?"

அண்ணி திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினாள். அம்மா நின்ற பக்கம் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் எது என்று தேடினாள்.

"தொரே," என்றாள் கடைசியில், "கார்த்திகையிலிருந்துன்னு சொல்லு. பகல்ல எல்லாம் நல்லா தெரியும்னு சொல்லு. பொழுது சாஞ்சா சாம்பல் கரைச்சு ஊத்தின மாதிரி ஆயிடுதுன்னு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "கண்ணு தெரியாத பொண்ண ஏமாத்தி கட்டிக் குட்த்தாங்கன்னு சொல்லிடுவாங்க. எனக்குப் பின்னால ரெண்டு பேர் கீறாங்க. அத சொல்லாத, தொரே."

அம்மா போய் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். அண்ணியின் கையைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்தாள். அங்கே துரையின் முதுகு இருந்தது.

"பூனையாண்ட இன்னாத்துக்கு சொல்ற? எங்கிட்ட சொல்லு. நான்தான் கேக்கறேன்."

அண்ணி அழுதாள். அம்மா அவள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். கொப்புளம் கிளம்பியிருந்தது. என்னைத் தேங்காயெண்ணெய் எடுத்துவர அனுப்பினாள். நான் வந்தபோது அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்:

"இது மாலக்கண்ணு. எனக்கும் வந்துது. உன் ஊட்டுக்காரன் வயித்துல கீறச்சே. எங்கம்மா ஈரல் குட்த்து சரி பண்ணாங்க. பட்டவளே மறந்துட்டுப் பக்கத்துல நின்னுகினு பாத்துகினு இருந்தேனே."

அம்மா தன்னைத் தானே அப்படிக் குறை சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மறுநாள் நைனா முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போனார். அங்கே பட்டாளத்துக்குத் தினமும் ஆடு அறுப்பார்கள். பூவரச இலையில் பொதிந்து ஈரல் வாங்கி வந்தார். அம்மா அதைக் கங்கில் சுட்டு, மிளகும் உப்பும் தூவி அண்ணிக்குக் கொடுத்தாள். அந்த வாசனைக்குத் துரை நொண்டிக்கொண்டே ஓடி வந்து அண்ணியின் முழங்காலில் காலை வைத்தது. அண்ணியின் கை தானாகவே ஒரு துண்டைக் கிள்ளப் போனது.

"வேணாம். அதுக்கு எலி கீது. நீ துன்னு" என்றாள் அம்மா. அண்ணி கடைசித் துண்டை விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்படி எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மாலைக்கண் எதனால் வந்தது என்று அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. எங்கள் வீட்டில் சோற்றுப் பஞ்சம் இல்லை. நைனாவும் அண்ணனும் முதலில் சாப்பிடுவார்கள். அப்புறம் நானும் அம்மாவும். கீரையும் முட்டையும் கெட்டித் தயிரும் அதோடு தீர்ந்துவிடும். அண்ணி கடைசியில் தனியாக, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பைச் சோற்றால் துடைத்துச் சாப்பிடுவாள். கருவாட்டுத் துண்டு ஏதாவது தப்பிக் கிடந்தால் அதையும் துரைக்குப் போடுவாள். யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. யாரும் அவள் தட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வளர்கிற வயதுப் பெண் அவள் என்பதே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை வதக்கி, நைனாவுக்குத் தட்டு வைத்தாள். பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

"நீயும் குந்து."

அண்ணி பயந்துபோய் நைனாவைப் பார்த்தாள். மாமனாருக்குச் சமமாக உட்காருவதா? நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா கீரையை முதலில் அண்ணி தட்டில் போட்டாள். நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

"குந்தும்மா. சோறு ஆறுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முகம் வெளிறிப்போயிருந்தது. மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பெண்ணை எதற்காக அழைத்துப் போகச் சொன்னார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருப்பார்.

"உள்ள வாங்கண்ணா. சும்மாதான் வரச் சொன்னேன். பொண்ணப் பாத்து எத்தினி நாளாவுது உங்களுக்கு?" என்றாள் அம்மா.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள், இலை போட்டுச் சாப்பாடு போட்டாள், அனுப்பும்போது மடியில் வேர்க்கடலை கட்டிக் கொடுத்தாள். அண்ணியை அனுப்பவில்லை. எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்தபோது, "எங்க ஊட்டுப் பொண்ணு எங்க போவும்?" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

தையில் துரை முதல் எலியைப் பிடித்தது. கொண்டுவந்து அம்மாவின் காலடியில் போட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தது. அம்மா அலறி ஆட்டுக்கல் மேல் ஏறிவிட்டாள். அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். முந்தானையை வாயில் திணிக்கவில்லை. அப்போதும் அவள் துரையிடம் பேசினாள். ஆனால் எல்லாவற்றையும் அதனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது.

ஒரு சாயங்காலம். அம்மா மாடத்தில் விளக்கை வைத்துவிட்டாள். அண்ணி வாசலில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் துரையோடு படியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி கையில் துணியோடு அப்படியே நின்றாள்.

"அத்தே, ஏரிக்கர மேல யாரோ வராங்கோ" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "உங்க புள்ளதான்."

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மங்கிய வானத்தின் அடியில், கரை மேல் ஒரு கறுப்பு உருவம் தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு வந்தது. எனக்கே யாரென்று சரியாகத் தெரியவில்லை. அம்மா ஏரிக்கரையைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைத்தான் பார்த்தாள். அப்புறம் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன்.

அன்றைக்கு மில்லில் கொஞ்சம் முன்னாலேயே விட்டிருந்தார்கள். அண்ணன் வந்து வாசலில் தூக்குச்சட்டியை இறக்கினான். சட்டையெல்லாம் பஞ்சுத் தூசு. புருவத்திலும் தூசு. கால் கழுவத் தண்ணீர் இருக்கும் பக்கம் போனவன், அண்ணி வழக்கம்போல் மூலையில் இல்லாமல் எதிரில் நிற்பதைப் பார்த்து நின்றான்.

"இன்னா அப்படிப் பாக்கற?"

அண்ணி ஓர் அடி கிட்டே வந்தாள். வாரம் முழுக்க விடியுமுன் போய் இருட்டில் திரும்புகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில், தூங்கி எழுந்து குளித்துத் தலை வாரிய முகத்தைத்தான் அவள் பார்த்திருந்தாள்.

"தெனமும் இப்படியா வரீங்கோ?" என்று கேட்டாள். "இவ்ளோ களச்சிப்போய்?"

"தெனமும்தான். இன்னிக்கு இன்னா புதுசா கேக்கற?"

"இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள் அண்ணி. தன் முந்தானையால் அவன் புருவத்திலிருந்த பஞ்சைத் துடைத்துவிட்டாள்.